ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஒரே வீரருக்குப் பல நிறங்கள் ஏன்?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்னும் சண்டை வீடியோ கேம் வரிசையில் ஒரே வீரர் வெவ்வேறு நிற உடைகளில் வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் விளையாடும் இருவர் ஒரே வீரரைத் தேர்ந்தெடுக்க இயலாது. 1992-இல் வந்த ‘சாம்பியன் எடிஷன்’ அதை அனுமதித்தபோது, திரையில் நிற்பவர்களுள் தம்முடையவர் யார் என அறிய மாற்று நிறம் தேவைப்பட்டது. அக்கால வீடியோ கேம் உருவப்படங்களின் ஒவ்வொரு புள்ளியும் நிறத்தையன்றி, சிறிய நிறப்பட்டியல் ஒன்றின் வரிசை எண்ணையே தாங்கியிருந்ததால், பட்டியலை மட்டும் மாற்றினால் வெள்ளை உடை நீலமாகிவிடும்; எதையும் புதிதாக வரைய வேண்டியதில்லை, நினைவகமும் மிச்சமாகும். 1993-இல் வந்த ‘சூப்பர்’ பதிப்பில் இது எட்டு நிறங்களாகப் பெருகி, எந்தப் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப உடையும் மாறியது. திருவல்லிக்கேணியின் வீடியோ கேம் கடையில், ரியூ என்னும் வீரரின் வெள்ளை உடை யாருக்கு என்பதிலேயே எங்கள் முதல் சண்டை தொடங்கிவிடும் (கடைக்காரர் மணிக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்).