அம்மா முழித்திருக்கிறார் என்பதற்காக

அன்புள்ள ரீச்சர்,

நான் பெரியகல்லாற்றுப் பக்கம். உயர்தரம் உயிரியல் பிரிவு, இது இரண்டாம் வருடம். என் நாளை அப்படியே எழுதுகிறேன். காலை 4.30க்கு எழும்புவேன். கிழமையில் மூன்று நாள் 5.30க்குப் பிசிக்ஸ் பேப்பர் கிளாஸ், மற்ற நாட்களில் அந்த நேரம் வீட்டில் படிப்பேன். 7.30க்குப் பாடசாலை. 1.30க்கு விட்டதும் பஸ் எடுத்து மட்டக்களப்பு டவுனுக்குப் போவேன். நாலு நாள் அங்கே கிளாஸ். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் இரண்டு சேரிடம் படிக்கிறேன். வீட்டுக்கு வர ஏழரை ஆகும். சனி, ஞாயிறும் கிளாஸ்தான். இரவு 12 மணிக்குத்தான் படுப்பேன்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவர் வேலை முடித்து ஃபோன் எடுக்க இங்கே பதினொன்றரை ஆகிவிடும். "நல்லாப் படி மகள், அதுக்காகத்தான் இஞ்ச கிடக்கிறன்" என்று சொல்லாத நாள் இல்லை. அவர் முழித்திருக்கும்போது நான் படுத்தால் குற்றம் செய்த மாதிரி இருக்கிறது.

போன மாதம் பஸ்ஸிலேயே நித்திரையாகி, கல்லாற்றில் இறங்க வேண்டியவள் கல்முனையில் கண் விழித்தேன். இருட்டிவிட்டது. அழுதுவிட்டேன். எந்த நாளும் தலையிடி. இரண்டு மாதமாக மாதவிடாயும் ஒழுங்கில்லை. இரவில் படித்தது பேப்பர் செய்யும்போது வருவதே இல்லை. என் சிநேகிதி இரண்டு மணிவரை படிக்கிறாள், அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. "படிக்கிற காலத்தில என்ன நித்திரை" என்கிறார் அம்மம்மா. நான் சோம்பேறியா ரீச்சர்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள மகள்,

இல்லை. நீங்கள் சோம்பேறி இல்லை. இதை முதலில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது என்று தெரியும்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 மணிக்குப் படுத்து 4.30க்கு எழும்பினால் நாலரை மணி நேரம். ஏழு நாளைக்கு 31½ மணி. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது 13 முதல் 18 வரை, ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. குறைந்த அளவான எட்டையே எடுத்தாலும் கிழமைக்கு 56 மணி. அப்படியென்றால் ஒவ்வொரு கிழமையும் உங்கள் உடம்புக்கு ஒரு முழு நாளுக்கு மேல் கடன் இருக்கிறீர்கள். அன்றைக்கு பஸ்ஸில் உடம்பு அந்தக் கடனில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"படித்தது வருவதே இல்லை" என்று எழுதிய இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இந்த வசனத்தை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். ஞாபகசக்தி இல்லை என்றுதான் அவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். வல்லாரை வாங்கிக் கொடுக்கிற பெற்றோரும் இருந்தார்கள். உண்மையில் அங்கே நடப்பது வேறு. பகலில் நீங்கள் படிப்பதை மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி தற்காலிகமாகப் பிடித்து வைக்கிறது. ஆழ்ந்த நித்திரையில்தான் அது திரும்பத் திரும்ப ஓட்டப்பட்டு, மூளையின் மேற்பட்டையில் நிலையாகப் பதிகிறது. அந்த நேரத்தை வெட்டினால், அறுவடை செய்த நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1924இலேயே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு மாணவர்களுக்குப் பொருளில்லாத அசைகளை மனனம் செய்யக் கொடுத்தார்கள். முழித்திருந்த நேரத்துக்குப் பிறகு கேட்டதைவிட, அதே அளவு நேரம் நித்திரை கொண்ட பிறகு கேட்டபோது கூடுதலாக நினைவிருந்தது.

நான் இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உயர்தரம் எடுத்தேன். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, வீட்டில் கரண்ட் இல்லை, குப்பி விளக்குத்தான். இரசாயனவியல் பரீட்சைக்கு முந்திய இரவு கண்ணை மூடவே இல்லை. அடுத்த நாள் பல்தேர்வுத் தாளில் "பிழையானது எது" என்று கேட்டிருந்ததை எல்லாம் "சரியானது எது" என்று வாசித்து விடை போட்டிருக்கிறேன். வெளியே வந்து சிநேகிதிகள் பேசியபோதுதான் தெரிந்தது. எனக்கு விடை தெரியும் மகள். கேள்வியைத்தான் பார்க்க முடியாமல் போனது. இரண்டாவது ஷை, அதாவது இரண்டாம் தடவை பரீட்சை எடுத்துத்தான் பல்கலைக்கழகத்துக்குள்ளே போனேன்.

உங்கள் அம்மம்மாவின் வார்த்தைக்கு வருகிறேன். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், ஒன்றை மட்டும் நினைவுபடுத்துங்கள். எங்கள் அம்மப்பா வட்டைக் காவலுக்கு, அதாவது வயல் காவலுக்குப் போவார். யானை வருகிற காலம், பரணில் முழு இரவும் தீ மூட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் மூன்று பேர் முறை வைத்துத்தான் போவார்கள், ஒருவரே எல்லா இரவும் போவதில்லை. விடிந்து வந்து அவர் படுத்தால் வீட்டில் ஒரு சட்டி சத்தம் போடக்கூடாது. "சத்தம் போடாதீங்க புள்ளையள், மனிசன் முழிச்சிட்டு வந்து கிடக்கு" என்று அம்மம்மா எங்களை வெளியே துரத்துவார். முழித்த மனிசனுக்கு நித்திரை கடமை என்று தெரிந்தவர்கள் நம் ஆட்கள். அதே வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, எதை வெட்டுவது? நித்திரையை இல்லை, ஒரு வகுப்பை. இரண்டாவது கெமிஸ்ட்ரி வகுப்பை நிறுத்துங்கள்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு நெஞ்சு படபடக்கும் என்று தெரியும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி நாலு தசமதானத்தில் வருகிறது, அந்தக் கடைசி இலக்கத்தில் ஒரு பீடம் கை நழுவிப் போகலாம் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் புள்ளி நீங்கள் எத்தனை சேரிடம் போனீர்கள் என்று எண்ணுவதில்லையே. ஒரே இரசாயனச் சமநிலையை இரண்டு வாயால் கேட்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நீங்களே ஒரு தடவை எழுதிப் பார்ப்பது மேல். வாசித்ததையே திரும்ப வாசிப்பவர்களைவிட, வாசித்ததிலிருந்து தங்களைச் சோதித்துக்கொள்பவர்களுக்கு ஒரு கிழமை கழித்தும் நினைவு நிற்கிறது என்று 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த வகுப்பு இல்லாத நாட்களில் மூன்று மணிக்குள் வீட்டில் இருப்பீர்கள். சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் கண்ணயருங்கள், அதற்கு மேல் வேண்டாம், இரவு நித்திரை கெடும். அப்புறம் ஒரு கடந்தகால வினாத்தாள், 50 பல்தேர்வு வினா, இரண்டு மணி நேரம், மண்டபத்தில் இருப்பது போலவே. பிறகு பிழைத்தவற்றை மட்டும் திறந்து பாருங்கள். பஸ்ஸில் போகிற இரண்டு மணி நேரமும் மிச்சம்.

காலை 5.30 வகுப்புக்குச் சனி, ஞாயிறில் வேறு பட்ச் இருக்கிறதா என்று சேரிடம் கேளுங்கள். இருட்டில் தனியாகப் போவது பற்றி எனக்கு வேறு கவலையும் உண்டு. மாற வழியில்லை என்றால் அந்த மூன்று நாளுக்கு முந்திய இரவுகளில் 9.30க்குப் படுங்கள். மற்ற நாட்களில் 10 மணிக்குப் படுத்து 5.45 வரை எழும்ப வேண்டாம். விடியற்காலையில் படித்தால் நன்றாக ஏறும் என்பது உங்கள் வயதில் எல்லோருக்கும் பொருந்தாது. பதின்ம வயதில் நித்திரையைக் கூட்டி வருகிற மெலடோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. இதனால்தான் கலிபோர்னியாவில் 2022இலிருந்து உயர்நிலைப் பாடசாலைகள் 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நமக்கு 7.30. அதை நீங்களும் நானும் மாற்ற முடியாது, ஆனால் 4.30 அலாரத்தை நிறுத்தலாம்.

நித்திரை முழிக்கக் கோப்பி குடிக்கிறீர்களா என்று எழுதவில்லை. குடித்தால் நாலு மணியோடு சரி. கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும்.

தலையிடியையும் மாதவிடாயையும் "படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம். அம்மம்மாவையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டையும் வெட்கமில்லாமல் சொல்லுங்கள். இரத்தச்சோகை இருக்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நித்திரைக் குறைவும் மன அழுத்தமும் மாதவிடாயைக் குழப்பலாம், ஆனால் அதுதான் காரணம் என்று நான் இங்கிருந்து சொல்லக்கூடாது, டொக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை ஒன்று செய்யலாம். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தை விடுங்கள். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேரத் தேயிலை தடையாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் அதே இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

பரீட்சை நவம்பரில் வந்தால் இங்கே மாரி காலம். 2024இல் வெள்ளத்தால் பரீட்சையே சில நாள் நின்றுபோனது நினைவிருக்கும். மழையும் டெங்கும் காய்ச்சலும் சுற்றுகிற மாதத்தில், வாரக்கணக்கில் மண்டபத்துக்குப் போய்வர உடம்பு தாங்க வேண்டும்.

சிநேகிதியைப் பற்றி: அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது நீங்கள் வெளியிலிருந்து பார்ப்பது. ஒருநாள் தனியாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். அவளும் யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கலாம்.

கடைசியாக அம்மா. உங்கள் கடிதத்தில் எல்லாவற்றிலும் பாரமான இடம் அதுதான். குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ஒன்பது மணிக்கு அவர் கை ஓயும்போது இங்கே பதினொன்றரை. அந்த ஃபோனுக்காகத்தான் நீங்கள் பாதி முழித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், படிப்புக்காக மட்டும் இல்லை. அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நேரத்தை மாற்றலாம். நீண்ட கதை எல்லாம் அவருக்கு ஓய்வு கிடைக்கிற நாளில், உங்களுக்கு வெளிச்சம் இருக்கிற நேரத்தில். மற்ற நாட்களில் படுக்க முன்னர் ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுங்கள். வேலை முடித்து அவர் அதைக் கேட்பார், பதில் போடுவார். நீங்கள் எழும்பியதும் முதலில் கேட்பது அவருடைய குரலாக இருக்கும்.

ஒரு வகுப்பை நிறுத்துவதை அவரிடம் மறைக்க வேண்டாம். அந்தக் காசு எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லத் தயங்குவீர்கள். கல்முனையில் கண் விழித்த கதையை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லுங்கள். தாய்க்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. முதல் மெசேஜில் இதெல்லாம் வேண்டாம். "அம்மா, பத்து மணியாகிட்டு, நான் படுக்கப் போறன், நீங்களும் படுங்க" என்று மட்டும் இன்றிரவு அனுப்புங்கள்.

அன்புடன்,
ரீச்சர்