ஐம்பதாயிரம் பவுண்டில் சூப்பர் கார் வேகம்

கேள்வி: பழைய கேட்டரம் செவன் 620ஆர் (இரண்டு சீட் உள்ள, திறந்த பிரிட்டிஷ் கார்) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று விநாடிக்குள் 60 மைல் வேகத்தைத் தொடும். இதே வேகத்துக்கு ஃபெராரி வாங்கப் போனால் மூன்று நான்கு மடங்கு கொடுக்க வேண்டும். மனைவி அதைத் 'தகர டப்பா' என்கிறார். மோட்டார் சைக்கிளைவிடப் பாதுகாப்பானது, ஃபார்முலா 1 காரும் லேசானதுதான், அதில் மோதியவர்கள் எழுந்து நடந்து போகிறார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். 14 வயது மகன் மட்டும் என் கட்சி. பக்கத்து சீட் அவனுக்கு என்று இப்போதே எழுதி வைத்துவிட்டான். ஒரு தீர்ப்பு சொல்லுங்களேன்.
பெயர் வேண்டாம், ஹாரோ, லண்டன்

பதில்: தீர்ப்பு என்று கேட்டாலும், நீங்கள் தேடுவது இன்னொரு ஓட்டு என்று தெரிகிறது. முழு ஓட்டு கிடைக்காது. பாதி தரலாம்.

வாங்கும் விலை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 620ஆர் 2013-இல் வந்தபோது 49,995 பவுண்டு. சூப்பர்சார்ஜர் வைத்த இரண்டு லிட்டர் ஃபோர்டு இன்ஜின், 310 குதிரைத்திறன். எடை 600 கிலோவைத் தொடாது. நம் ஊர் மாருதி 800-ஐ நினைத்துப் பாருங்கள்: அது சுமார் 650 கிலோ, இன்ஜின் 37 குதிரைத்திறன். அதைவிட லேசான வண்டியில் எட்டு மடங்குக்கு மேல் சக்தி. இந்தக் காசுக்கு இந்த வேகம் வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது.

இந்த வண்டியின் பிறப்பே சிக்கனத்தில்தான். லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957-இல் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்த காலத்தில், பிரிட்டனில் முழு காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே ஒன்றாகப் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. பூட்டும் முறையைச் சொல்லும் புத்தகம் கூடத் தரக்கூடாது என்று அதிகாரிகள் சொன்னார்களாம். லோட்டஸ் 'கழற்றும் முறை' என்று அச்சடித்துக் கொடுத்ததாம். வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துப் பூட்டிக்கொண்டார்களாம். வரி கட்டுகிற யாருக்கும் பிடிக்கிற கதை. 1973-இல் செவனின் உரிமை கேட்டரம் கைக்குப் போனது. இன்றும் பிரிட்டனில் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து கராஜில் பூட்டலாம்.

ஆனால் நீங்கள் வாங்கும் விலையோடு கணக்கை மூடிவிட்டீர்கள். இந்த வேகத்தை முழுசாகச் சட்டத்துக்கு உட்பட்டு அனுபவிக்கப் பந்தய டிராக்குக்குத்தான் போக வேண்டும். சாதாரண சாலை இன்சூரன்ஸ் பொதுவாக டிராக்கில் செல்லாது. அதற்கு நாள் கணக்கில் தனி பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் சேதத்தில் முதல் பெரிய பங்கு உங்கள் தலையில். அப்புறம் லண்டன் குளிர்காலம். பலர் நவம்பர் வந்ததும் 'சாலையில் ஓடாது' என்று அரசுக்கு அறிவித்து வரியை நிறுத்திவிட்டு வண்டியை மூடி வைத்துவிடுகிறார்கள். வருடத்தில் பாதி ஓடாத வண்டிக்கு கராஜ் இடம் கணக்கில் வராதா? உங்கள் பக்கத்திலும் வரவு உண்டு. செவன் வாங்கிய விலையைப் பெருமளவு காப்பாற்றிக்கொள்ளும். சின்ன அடி என்றால் மூக்கு, மட்கார்டு என்று துண்டு துண்டாக மாற்றலாம். ஆல்ஃபா ரோமியோ 4சி மாதிரி உடம்பே ஒரே கார்பன் தொட்டியாக இருக்கிற வண்டியில், அந்தத் தொட்டியில் விரிசல் விட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. (மனைவியிடம் ஒரு திருத்தம் சொல்லலாம்: டப்பா தகரம் இல்லை, அலுமினியம். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம்.)

பழையது என்கிறீர்களே, டயரைப் பார்த்தீர்களா? தேய்மானத்தைக் கேட்கவில்லை, வயதைக் கேட்கிறேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வருடத்துக்கு ஆயிரம் மைல் ஓடும் வண்டியில் டயர் தேயவே தேயாது. பட்டன் பட்டனாக அழகாக இருக்கும். ரப்பர் மட்டும் உள்ளுக்குள் இறுகிப் போயிருக்கும். விற்பவர் 'டயர் புதுசு மாதிரி' என்பார். மாதிரிதான். நான்கையும் மாற்றும் செலவைப் பேரத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இனி பாதுகாப்பு. லேசான வண்டி சீக்கிரம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்த வாடை இருக்கிறது. பிடிப்பு டயருக்கும் சாலைக்கும் நடுவில் நடக்கிற சமாசாரம். வண்டியின் எடை பாதியானால் நிறுத்த வேண்டிய உந்தம் பாதியாகும். டயரைத் தரையோடு அழுத்துகிற பாரமும் பாதியாகும். இரண்டுக்கும் நேர். லேசான வண்டியில் பிரேக் சூடாகிச் சோர்ந்துபோவது குறைவு, அது நிஜமான லாபம். ஆனால் செவன் காய்ந்த சாலையில் சட்டென்று நிற்பதற்கு முக்கியக் காரணம், பந்தய டயருக்கு நெருங்கிய சொந்தமான அந்த மென்மையான ரப்பர். அது சூடேறினால்தான் ஒட்டும். பிப்ரவரி மாதக் காலை, ஈரச் சாலை, குளிர்ந்த டயர் என்றால் அதே ரப்பர் சோப்பு. 620ஆரில் பிரேக் அழுத்தும்போது சக்கரம் இறுகிவிடாமல் பார்க்கும் ஏபிஎஸ் இல்லை, சறுக்கலைத் திருத்தும் மின்னணு ஏற்பாடு இல்லை, ஏர்பேக் இல்லை. ஐரோப்பாவில் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் 2014-இலிருந்து சறுக்கல் திருத்தி கட்டாயம். குறைந்த எண்ணிக்கையில் செய்கிற சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு. உங்கள் வண்டி அந்த விலக்கில் வருகிற பிள்ளை.

விலக்குக்கும் விலைக்கும் உள்ள உறவையும் பார்த்துவிடுவோம். லோட்டஸ் எலிஸ் 1996-இல் வந்தபோது 725 கிலோ. அமெரிக்காவில் அது விற்றது, உட்கார்ந்திருப்பவரின் எடையை அறிந்து விரியும் புதுவகை ஏர்பேக் விதியிலிருந்து அரசு கொடுத்த விலக்கில். 2011-இல் அந்த விலக்கு முடிந்தது. அங்கே சாலையில் ஓட்டும் எலிஸின் விற்பனையும் முடிந்தது. சில ஆயிரம் கார் விற்கிற கம்பெனிக்கு ஏர்பேக்கை மறுபடி வடிவமைத்துச் சோதிக்கிற செலவு கட்டுப்படியாகாது. இன்றைய லோட்டஸ் எமிராவில் எல்லாம் இருக்கிறது. எடை 1,400 கிலோவுக்கு மேல். 'எடையைக் குறை' என்று வாழ்ந்தவர் தொடங்கிய கம்பெனி இப்போது இரண்டரை டன் எடையில் எலெட்ரே என்று ஒரு எஸ்யூவியும் விற்கிறது. சாப்மன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கும்.

உங்களுக்குப் பிரச்சினை அந்த எஸ்யூவிதான். நீங்களும் வண்டியுமாக 600 கிலோ என்று வையுங்கள், தாராளமாகக் குறைத்தே. எதிரே 2,400 கிலோ. இருவரும் 30 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதுகிறீர்கள். கணக்குப்படி இரண்டும் சேர்ந்து, அவர் போய்க்கொண்டிருந்த திசையிலேயே 18 மைல் வேகத்தில் நகரும். அவருக்கு வேகம் 30-இலிருந்து 18 ஆகிறது, 12 மைல் மாற்றம். உங்களுக்கு 30 போய், அதற்குமேல் பின்பக்கமாக 18, ஆக 48 மைல் மாற்றம். அவருக்கு முன்னால் ஏர்பேக், நீளமாக மடங்குகிற பானெட். உங்களுக்கு நான்கு முனை பெல்ட். இத்தனைக்கும் தப்பு அவருடையதாகவே இருக்கலாம். லேசான வண்டி எதிராளியிடம் கருணையாக நடந்துகொள்ளும், அதை மறுக்கவில்லை. இருவரில் யார் தாங்குவது என்பதைத்தான் எடை முடிவு செய்கிறது.

ஹாரோவிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் லாரிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். செவனில் உட்கார்ந்தால் கையைத் தொங்கவிட்டுத் தார் ரோட்டைத் தொடலாம். உங்கள் கண் மட்டத்தில் லாரியின் சக்கர நட்டுகள் தெரியும். டிரைவர் மேலேயிருந்து பக்கத்தில் இருப்பதை எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதற்கு நட்சத்திர மதிப்பெண் போட்டுத்தான் லண்டனில் கனரக லாரிக்கே அனுமதி. சைக்கிள்காரர்களை நினைத்து வந்த விதி. சைக்கிள்காரரின் தலை உங்கள் தலையைவிட எவ்வளவோ உயரம்.

ஃபார்முலா 1 உதாரணம் வேண்டாம். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமேன் குரோஷான் 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி, கார் இரண்டாகப் பிய்ந்து தீப்பிடித்து, வெளியே ஏறி வந்தார். காப்பாற்றியவை கார்பன் கூடு, தலைக்குமேல் ஹேலோ என்ற காப்பு வளையம், கழுத்தைப் பிடிக்கும் பட்டை, நெருப்பைத் தாங்கும் உடை, பின்னாலேயே வந்த மருத்துவக் கார். அங்கே எல்லாரும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே எடையில் ஓடுகிறார்கள். எதிரே பால் வண்டி வராது. லேசாக இருந்ததால் பிழைத்தார் என்று எடுத்துக்கொண்டால், மற்றதையெல்லாம் தள்ளிவிட்டுப் பேசுகிறீர்கள்.

மோட்டார் சைக்கிளைவிடப் பாதுகாப்பு என்பது உண்மைதான். பிரிட்டனில் சாலைப் போக்குவரத்தில் சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு ஓடுகிற மோட்டார் சைக்கிள்கள், சாவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட மேல் என்பது ஒரு பெருமையா? ஆனாலும் நீங்களே எடுத்துக் கொடுத்த பேச்சு என்பதால் தொடர்கிறேன். அதே பிரிட்டனில் 19 வயதுக்காரர் ஏ2 உரிமத்தில் ஓட்டும் பைக்குக்கு வரம்பு உண்டு: சக்தி 35 கிலோவாட்டுக்கு மேல் கூடாது, ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேலும் கூடாது. உங்கள் 620ஆர் கிலோவுக்கு 0.4 கிலோவாட். பைக்குக்குக் கூடாது என்று அரசு சொன்னதைப்போல இரண்டு மடங்கு. காருக்கோ அப்படி ஒரு படியும் இல்லை. நேற்று லைசென்ஸ் வாங்கிய 17 வயதுப் பையன் இன்று இதைச் சட்டப்படி ஓட்டலாம், இன்சூரன்ஸ்காரர் ஒத்துக்கொண்டால். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் புது லைசென்ஸ்காரர்களுக்கு ஒரு டன்னுக்கு 130 கிலோவாட் என்று கோடு போட்டிருக்கிறார்கள். உங்கள் வண்டி டன்னுக்கு 400. நீங்கள் புது டிரைவர் இல்லைதான். இந்த வண்டிக்கு மட்டும் புதுசு.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். 2013-இல் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜிடியும் ஏறக்குறைய இந்த ஜாதிதான்: 600 குதிரைத்திறனுக்கு மேல், கார்பன் உடம்பு, சறுக்கல் திருத்தி கிடையாது. 45 மைல் வரம்புள்ள தெருவில் 80-க்கு மேல் போயிருக்கிறது. டயருக்கு வயது ஒன்பது. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்றுதான் விசாரணை முடிவு. வாக்கர் ஓட்டவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தார்.

பிரிட்டனின் கிராமச் சாலைகளில் வரம்பு 60 மைல். அந்த வேகத்தில் விநாடிக்கு 27 மீட்டர் ஓடுகிறீர்கள். நிற்க 73 மீட்டர் வேண்டும் என்கிறது அரசின் சாலை விதி நூல். 620ஆர் அந்த 60-ஐ மூன்று விநாடிக்குள் தொட்டுவிடும். நாலாவது விநாடியிலிருந்து சட்டப்படி நீங்கள் செய்வதற்கு அதில் எதுவும் இல்லை. கார் பிரயாணிகளின் சாவில் பெரும்பங்கு நடப்பதும் அந்தச் சாலைகளில்தான், மோட்டார்வேயில் இல்லை.

என் பாதி ஓட்டு இதற்குத்தான்: செவன் வாங்குங்கள், 620 வேண்டாம். கேட்டரமே 2021-இல் 170 என்று ஒன்று கொண்டுவந்தது. 660 சிசி சுஸுகி டர்போ, 84 குதிரைத்திறன், எடை 440 கிலோ, ஒல்லி டயர், அன்றைய விலை 22,990 பவுண்டிலிருந்து. 60-ஐத் தொட ஏழு விநாடி. மோதினால் அதுவும் உங்களைக் காப்பாற்றாது; ஆனால் 40 மைல் வேகத்திலேயே வளைவில் வேலை வாங்கும், ஆக்ஸிலரேட்டரில் கால் கொஞ்சம் தவறினால் பின்சக்கரம் முன்னால் வந்து நிற்காது. 310 குதிரை இல்லாமல் தூக்கம் வராது என்றால், 1995-இலிருந்து கேட்டரம் அகாடமி நடக்கிறது. பந்தயமே தெரியாதவர்கள் வண்டியைத் தாங்களே பூட்டிப் பழகி ஓட்டுகிற இடம். ஒரு சீசன் ஓட்டிவிட்டு 620-ஐப் பற்றி எழுதுங்கள்.

பையனை அதுவரை கார்ட்டிங் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 14 வயதுக்கு அங்கே பக்கத்து சீட் கிடையாது, அவனேதான் ஓட்டுவான். மனைவிக்கு இந்தப் பக்கத்தைக் காட்டும்போது 170-க்கும் ஏர்பேக் இல்லை என்கிற வரியை விரலால் மறைக்காதீர்கள்.