பட்டிங்கில் (குழியை நோக்கிப் பந்தை மெல்ல உருட்டும் அடியில்) பந்து விலகுவது ஏன்? மலைவாழ் கோல்ஃபர்களின் கேள்விகள்

கேள்வி (குன்னூர் வாசகர்): பந்தின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. இந்த அளவில் அமைந்த பந்து வெறும் தண்ணீரில் மூழ்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 250 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் மிதக்கும். பந்து அசைவற்று நின்றபின் மேலே தெரியும் புள்ளியில் அழியாத மையால் குறியிட்டு, விரலால் சுழற்றிவிடுங்கள். நல்ல பந்தில் குறி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். என் பையின் அடியில் கிடந்த பழைய பந்து ஒன்றை இப்படிச் சோதித்தபோது, ஐந்து முறை சுழற்றியும் நீலப்புள்ளி மெல்லத் தள்ளாடி மேலேறி அதே இடத்திலேயே வந்து நின்றது. கனமான பகுதி அதற்கு நேர் எதிரே, கீழே இருக்கிறது என்பதே அதன் பொருள்.

அத்தகைய பந்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குறியின் வழியாகப் பந்தை இரு சமபாதியாகப் பிரிக்கும் ஒரு கோடு வரைந்து, பட் செய்யும்போது அக்கோடு செங்குத்தாகவும் குழியை நோக்கியும் இருக்குமாறு வைத்தால், கனமான பகுதி உருளும் திசையிலேயே சுற்றிவரும், பக்கவாட்டில் இழுக்காது. அதே பகுதி வலப்பக்கம் இருந்தால், வேகம் குறையும் கடைசிச் சில அடிகளில் பந்து வலப்பக்கம் சாயும். பந்தில் கோடு வரைவதை விதிகள் அனுமதிக்கின்றன.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): அப்படியானால் என் பட்கள் தவறுவதற்குப் பந்துதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். ரப்பர் நூல் சுற்றிச் செய்த பழைய பந்துகளில் இக்குறை உண்மையாகவே பெரிதாக இருந்தது. 1930களில் அமெரிக்கத் தொழிலதிபர் ஃபில் யங், தாம் தவறவிட்ட பட் ஒன்றுக்குப் பந்தே காரணமோ என்று ஐயுற்று, அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உட்கரு நடுவில் இல்லாதது தெரியவந்தது. டைட்லிஸ்ட் என்ற பெயரில் விற்கப்படும் பந்து பிறந்ததற்கு அதுவே தூண்டுகோல். இன்று அச்சில் வார்க்கப்படும் பந்துகளில் இக்குறை மிகச் சிறியது. மாறாக, மூன்று மீட்டர் பட்டில் பந்து ஒரே ஒரு பாகை விலகிப் புறப்பட்டால் குழியருகே சுமார் 52 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழியின் பாதி 54 மில்லிமீட்டர்தான், அதாவது அந்த ஒரு பாகையே பந்தைக் குழியின் விளிம்புக்குத் தள்ளிவிடும். ஆகவே முதலில் பட்டரின் (பட் அடிக்கும் மட்டையின்) முகம் நேராக நோக்குகிறதா என்று சரிபாருங்கள்.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): பந்தின் மேலுள்ள குழிவுகள் பட் செல்லும் திசையை மாற்றுமா? மலையின் மெல்லிய காற்றால் மாற்றம் உண்டா?

பதில்: குழிவுகள் பறக்கும் பந்துக்காக அமைந்தவை. குழிவின் விளிம்பில் பட்டர் பட்டால் சிறு விலகல் நேரலாம். அதுவும் மெதுவாகத் தட்டும் குறும்பட்டில்தான் கூடுதலாகத் தெரியும். மெல்லிய காற்று நீளமான அடிகளின் தூரத்தைக் கூட்டும், பட் அடியைப் பொருட்படுத்தத்தக்க அளவில் மாற்றாது.

கேள்வி (ஊட்டி வாசகர்): அதிகாலையில் ஆடும்போது மட்டும் பட்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றனவே?

பதில்: பனித்துளிதான் காரணம். ஈரப்புல்லில் பந்து நீரைத் தள்ளிக்கொண்டே உருள்வதால், பின்னால் ஒரு கரும்பச்சைத் தடம் விழுவதைக் காணலாம். அந்தத் தடம் இழுத்த வேலையெல்லாம் உங்கள் வேகத்திலிருந்து கழிந்தது. அதற்கேற்பச் சற்று அழுத்தி அடியுங்கள். பட் செல்லும் பாதையில் பனியைத் துடைப்பது விதிமீறல், மொத்த அடிகளை எண்ணி வெற்றியை முடிவுசெய்யும் ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில் கணக்கில் இரண்டு அடிகள் கூடும் தண்டனை.

ஆனால் பந்தைத் துடைக்கலாம், கட்டாயம் துடையுங்கள். மழைக்காலத்தில் ஒரு பக்கம் ஒட்டிய செம்மண் துண்டு, எந்தத் தொழிற்சாலைக் குறையையும்விடப் பந்தின் சமநிலையைக் கெடுக்கும். க்ரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையில்) நின்ற பந்தின் பின்னால் குறியடையாளம் வைத்து, எடுத்து, ஈரத்துணியால் குழிவுகளுக்குள் இருக்கும் மண்ணும் போகும்வரை துடைத்து, உலர்ந்த முனையால் ஒற்றி, அதே இடத்தில் வையுங்கள்.