வன்னியில் குளக்கட்டு ஓட்டம்: கேட்டவையும் பதில்களும்

ஆற்றோரம், குளக்கட்டு, வாய்க்கால் வீதி என்று வன்னியில் ஓடப் பழகுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு ஒருவரே பதில் தருகிறார். ஒரே விடயத்தைப் பலர் கேட்ட இடங்களில் கேள்விகள் சேர்க்கப்பட்டுள்ளன.

கிளிநொச்சியில் இருக்கிறேன். கனகராயன் ஆற்றங்கரையோடு 10 கிலோமீற்றர் ஓட வேண்டும். எங்கே தொடங்கலாம்?

ஆற்றங்கரையை மறந்துவிடுங்கள். வன்னி ஆறுகளுக்கு ஓடக்கூடிய கரை இல்லை. மருதும் முட்பற்றையும் தண்ணீர்வரை நெருங்கி நிற்கும். கோடையில் மணல், மாரியில் வெள்ளம். இங்கே ஓட்டத்துக்கு உரியவை ஆற்றை மறித்துக் கட்டிய குளக்கட்டும், அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் வீதிகளும்தான்.

உங்களுக்கு இரணைமடு. ஏ9 வீதியில் இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பி, கனகாம்பிகை அம்மன் கோயிலடியில் கட்டில் ஏறுங்கள். கட்டு 2 கிலோமீற்றருக்கு மேல் நீளும். போய்வந்த பிறகும் தூரம் போதாவிட்டால் இடதுகரை அல்லது வலதுகரை வாய்க்கால் வீதியில் இறங்குங்கள். வட்டமாக ஓடி முடிக்க ஆசைப்பட வேண்டாம். வயலுக்குள் குறுக்குப் பாதை தேடப் போய்த்தான் பலர் வழி தவறுகிறார்கள். கடிகாரத்தில் 5 கிலோமீற்றர் காட்டியதும் வந்த வழியே திரும்புங்கள்.

கட்டின் மேல்தளம் ஒரு பக்கம் சரிந்திருக்கும் இடங்களில் ஒரே ஓரமாக ஓடினால் சரிவுப் பக்கத்துக் கணுக்காலும் முழங்காலின் வெளிப்புறமும் நோகும். போகும்போது நடுவால் போங்கள். நடு பழுதாக இருந்தால் 500 மீற்றருக்கு ஒருமுறை ஓரம் மாறுங்கள். தண்ணீர்ப் பக்கத்து அலைகரைக் கற்களில் இறங்க வேண்டாம். பாசி வழுக்கும், முதலையும் அங்கேதான் வெயில் காயும். படையினரின் பாதுகாப்புப் பகுதி என்று பலகை நிற்கும் பக்கமும் போகாதீர்கள். கைபேசிப் படத்தில் பாதை தெரிகிறது என்ற நியாயம் அங்கே எடுபடாது.

எந்த மாதங்கள் நல்லவை?

தை நடுப்பகுதி முதல் பங்குனி வரை. மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, வாடைக்காற்றின் குளிர்ச்சியும் மிச்சமிருக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று உலர்த்தி எடுத்துவிடும். வியர்வை உடனே காய்வதால் எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாது. அந்த மாதங்களில் விடிந்ததும் தொடங்கி 7.30க்குள் முடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குளம் வான் பாய்கிறதா, அதாவது நிறைந்து வழிகிறதா? இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தால் கீழே பன்னங்கண்டி, முரசுமோட்டைப் பக்கம் தண்ணீர் ஏறும். கிளிநொச்சியில் வானம் வெளித்திருக்கும், ஆனால் மேலே கனகராயன்குளம், வவுனியாப் பக்கம் பெய்த மழை அடுத்த நாள் இங்கே வந்து சேரும். 2018 டிசெம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாம்போதிக்கு (தண்ணீர் கடக்கத் தாழ்த்திக் கட்டிய வீதிக்கு) மேலால் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் தண்ணீர்கூட வேகமாக வந்தால் ஆளைச் சரிக்கும். அடியில் வீதி அரிபட்டிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது.

முருங்கன் பக்கம் மழைக்குப் பிறகு ஓடினால் சப்பாத்து இரண்டு மடங்கு பாரமாகிறது. என்ன சப்பாத்து வாங்கலாம்?

சப்பாத்தில் பிழையில்லை, மண்தான் காரணம். முருங்கனிலும் துணுக்காயிலும் இருப்பது கறுப்புக் களி. நனைந்தால் அப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமான பல் வைத்த அடி வாங்கினால் இன்னும் கூடுதலாக அப்பும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் தார் வீதியில் ஓடுங்கள். செம்மண், கிரவல் வீதிகளுக்குச் சாதாரண வீதிச் சப்பாத்தே போதும். கிரவல் உருண்டைகளில் எட்டி வைக்காமல் அடியைக் குறுக்கி வையுங்கள்.

யானையை நினைக்கப் பயமாக இருக்கிறது. விடிய 4.30க்கு ரோச் லைற்றோடு ஓடலாமா? (மாங்குளம், ஒட்டுசுட்டானிலிருந்தும் இதே கேள்வி)

கூடாது. யானை வயலுக்குள் இறங்குவதும் காட்டுக்குத் திரும்புவதும் அந்த இருட்டில்தான். ஐம்பது மீற்றருக்கு அப்பால் ஒழுங்கையின் வரம்பு தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்த பிறகு தொடங்குங்கள். ஜூனில் ஏறக்குறைய 5.45, தையில் 6.20.

ஓட முன்னர் காவல் கொட்டிலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ராத்திரி வந்ததோ? எந்தப் பக்கம் போனது?" எந்தச் செயலியும் தராத தகவலை அவர் தருவார். வழியில் ஆவி பறக்கும் லத்தி, ஈரம் காயாத முறிந்த கிளை, அறுந்து கிடக்கும் யானைவேலிக் கம்பி, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கு அந்தப் பாதை இல்லை. காதில் பாட்டுப் போடாதீர்கள். கிளை முறியும் சத்தம்தான் முதல் எச்சரிக்கை.

கண்டுவிட்டால் நில்லுங்கள். சத்தமில்லாமல், பார்வையை எடுக்காமல், வந்த வழியே பின்வாங்குங்கள். படம் எடுக்க நிற்க வேண்டாம். தனிக் கொம்பனோ தனி அலியனோ (கொம்பில்லாத ஆண் யானை) கூட்டத்தைவிட ஆபத்து. பற்றைக்குள் பாய்ந்தால் உங்களுக்குத்தான் வழி தெரியாது, அதற்குத் தெரியும்.

மடுப் பக்கம் கரடியையும் நினைவில் வையுங்கள். பாலைப்பழக் காலத்தில், ஜூன் ஜூலையில், பழம் உதிரும் பாலை மரத்தின் கீழ் அது நிற்கும். கரடிக்குக் கண்பார்வை குறைவு. அதனால் திடீரென நெருங்குவதுதான் ஆபத்து. அந்த இடங்களில் மட்டும் கதைத்துக்கொண்டு ஓடுங்கள்.

யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டது. கண்ணிவெடிக்கு இன்னும் பயப்பட வேண்டுமா?

பாவனையில் உள்ள வீதி, கட்டு, வாய்க்கால் வீதி ஆகியவற்றில் பயப்பட வேண்டாம். அவற்றை விட்டு விலகுவதுதான் பிரச்சினை. சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு முனைக் கட்டைகளோ கண்டால் அங்கே இன்னும் வேலை முடியவில்லை. பலகை இல்லாததால் இடம் பாதுகாப்பானது என்று முடிவெடுக்காதீர்கள். வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருட்களை இடம் மாற்றும். ஆற்று மணலில் இரும்பாக எது தெரிந்தாலும் தொடாமல் பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். மாடு போன தடம் மனிதருக்கான பாதை என்ற கணக்கும் சரிவராது.

கண்ணிவெடியை எல்லோரும் கேட்கிறீர்கள், கட்டுத்துவக்கை ஒருவரும் கேட்பதில்லை. பன்றிக்கு வைப்பது. ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே நூல் அல்லது மெல்லிய கம்பி போகும், காலில் பட்டால் வெடிக்கும், குண்டு முழங்கால் உயரத்துக்கு வரும். வயலைச் சுற்றிச் சிலர் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வெறுங்கம்பியும் கட்டுகிறார்கள். ஈர வரம்பில் அதைத் தொட்டால் கதை முடிந்தது. ஆகவே வரம்பில் ஓடாதீர்கள். அறுவடைக் காலத்தில் வரம்பு புடையன் பாம்பின் இடமும்கூட.

பழைய வரலாற்று இடங்களைத் தொட்டுப் போகும் நீண்ட ஓட்டம் ஒன்று சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியைத் தளமாக வைத்துக்கொள்ளுங்கள். கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவுக்கல் இருக்கிறது. 1803 ஓகஸ்ரில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவரை, அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் வொன் ட்ரிபேர்க் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அங்கே தோற்கடித்தார் என்று கல் சொல்கிறது. இன்னொரு நாளைக்குப் பேராற்றை மறித்த முத்தையன்கட்டுக் குளம். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் வெயிலுக்குள் மாட்டுவீர்கள்.

மன்னார்ப் பக்கமென்றால் கட்டுக்கரைக் குளம். அருவி ஆற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வெட்டி அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஏற்பாடு இன்றும் வேலை செய்கிறது. குளம் ஆழமில்லை, ஆனால் பரந்தது. கட்டில் நிழல் மிகக் குறைவு. மாரியில் வலசைப் பறவைகள் நிறையும். தேக்கத்தில் குளிக்க இறங்க வேண்டாம், அருவி ஆறு அநுராதபுரத்து மழையையும் சுமந்து வருகிறது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் அந்த வீதிகளில் வாகனம் நெரியும்.

தண்ணீர் எவ்வளவு கொண்டுபோவது? வழியில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

குளத்துத் தண்ணீர் வேண்டாம். கிணறு ஊரவர் குடிக்கும் கிணறாக இருந்தால் மட்டும். எவ்வளவு என்பதற்கு உங்கள் உடம்பையே அளவுகோலாக வையுங்கள். ஓட முன்னும் பின்னும் ஈர உடுப்பில்லாமல் நிறுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் வியர்வை, இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். 60 கிலோ உள்ளவர் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால் அடுத்த முறை கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும். மணித்தியாலத்துக்கு அரை லீற்றரில் தொடங்கலாம். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்): ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர். ருசிக்காக அரை லீற்றரில் கரைப்பவர்களுக்கு வயிறு புரளும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் பிழை, இரத்தத்தில் உப்புக் குறைந்து தலை சுற்றும்.

கால் நோவுக்கு ஐபுபுறோபன் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடாதீர்கள். உடம்பு காய்ந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீரக நோய் ஏற்கெனவே பேசப்படும் வவுனியாப் பக்கத்தவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

கூட ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே அம்புலன்சுக்கு 1990இல் எடுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

நாங்கள் இரண்டு பேரும் பெண்கள். நாய்கள்தான் பெரிய தொல்லை.

தங்கச்சி, ஓடாமல் நில்லுங்கள், குனிந்து கல் எடுப்பதுபோலக் காட்டுங்கள், பிறகு நடந்து தாண்டுங்கள். கடித்தால், கீறல்தான் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சேற்றுத் தண்ணீரில் கால் நனைந்தால் எலிக்காய்ச்சல் வருமா?

காலில் வெடிப்போ காயமோ இருந்தால் வரலாம். அந்த நாட்களில் வயல் வழியைத் தவிருங்கள், வீடு வந்ததும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். அடுத்த இரண்டு கிழமைகளுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் பனடோலோடு வீட்டில் இருக்காமல், சேற்றில் இறங்கியதையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.