கட்டில் சத்தமும் கடைக்காரர் பேச்சும்

பன்னிரண்டு வருடத்து மரக்கட்டில். புரண்டு படுத்தாலே கிரீச் என்கிறது. தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்ய, அண்ணாச்சி? – வாசகி, பாளையங்கோட்டை

தள்ளிவிட வேண்டாம், தங்கச்சி. சத்தம் மூட்டில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். இத்தனை வருடம் இப்படிச் சுருங்கி உப்பியதில் போல்ட்டு தளர்ந்து மரமும் மரமும் உரசுகிறது.

முதலில் மெத்தையைத் தரையில் போட்டு உருண்டு பாருங்கள். அங்கேயும் சத்தம் வந்தால் கோளாறு மெத்தையில். வராவிட்டால், ஒருவர் கட்டிலின் ஒவ்வொரு மூலையையும் பிடித்து ஆட்ட, இன்னொருவர் மூட்டில் காதை வைத்துக் கேட்க வேண்டும். தெரு அடங்கின பிறகு கேட்டால் இடம் சரியாகப் பிடிபடும். நான்கு காலும் தரையில் ஊன்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்; ஒரு கால் தூக்கி நின்றால் அடியில் ரப்பர் துண்டு வையுங்கள்.

அப்புறம் போல்ட்டுகளை முறுக்குங்கள், வாஷர் இல்லாத இடத்தில் வாஷர் போடுங்கள். பலகை உட்காரும் சட்டத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள். மூட்டைக் கழற்றினால் உரசின இடம் மட்டும் பளபளவென்று தெரியும். அங்கே மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள். திருகாணி பிடிக்காமல் சும்மா சுற்றினால், மருந்து கிள்ளிய தீக்குச்சி இரண்டு மூன்றை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் செருகி, ஒரு நாள் காயவிட்டு முறுக்குங்கள்.

மூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் அமைதி. இப்போது முன்னைவிட மோசம். – வாசகர், மேலப்பாளையம்

எண்ணெய் தூசியை இழுத்துப் பிசுக்காகிவிட்டது. துடைத்துவிட்டு மெழுகு தேயுங்கள்.

இரும்புக் கட்டில் கீச்சிடுகிறது. – வாசகர், அம்பாசமுத்திரம்

டார்ச் அடித்து வெல்டிங்கைப் பாருங்கள். விரிசல் இருந்தால் நேரே பட்டறைக்கு. அதில் படுக்கக் கூடாது. போல்ட்டு மூட்டு என்றால் ரப்பர் வாஷர் போதும்.

செல்போனில் படம் பார்த்து கிங் சைஸ் கட்டில் வாங்கினேன். அளவும் போட்டிருந்தது. பூட்டிய பிறகு அறைக்கதவு பாதிதான் திறக்கிறது. நஷ்டஈடு கேட்கலாமா? – வாசகர், வள்ளியூர்

எதற்கு நஷ்டஈடு? அளவு போட்டிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிங் சைஸ் என்றால் ஆறடி அகலம். டேப்பை எடுத்து அறையை அளக்க இரண்டு நிமிடம் ஆகுமா? திருப்பி அனுப்பும் கெடு இருந்தால் இன்றைக்கே அனுப்புங்கள்.

மகள் கல்யாணச் சீருக்கு 'முழுத் தேக்கு' என்று 42,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். நாலே மாதத்தில் ஆடுகிறது. திருகாணியைக் கழற்றினால் தூள் கொட்டுகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சீட்டில் இருக்கிறதாம். பில்லும் தரவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. – வாசகர், முக்கூடல்

நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை, அண்ணே. ஏமாற்றியவர்தான் கூச வேண்டும். தூள் கொட்டுகிறது என்றால் அது பார்ட்டிகிள் போர்டாகத்தான் இருக்கும். மரத்தூளைப் பசையில் அழுத்தி, தேக்கு ரேகை அச்சடித்த தாளை மேலே ஒட்டியிருப்பார்கள். அதில் திருகாணி ஒரு தடவை பிடி விட்டால் விட்டதுதான்.

எனக்கும் இது நடந்தது. பதினைந்து வருடம் முன்பு, "பில் போட்டால் வரி சேரும், அண்ணாச்சி" என்ற பேச்சைக் கேட்டு, துண்டுச் சீட்டோடு ஒரு கட்டில் வாங்கி வந்தேன். என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அடுத்த மழைக்கே கால்மாட்டுப் பலகை ஊறி, ஓரம் உப்பி, தாள் உரிந்து தொங்கியது. "எங்க கடையில் வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் கடைக்காரர். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

2020 ஜூலையில் நடப்புக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தெளிவாகவே சொல்கிறது: பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். சீட்டில் அச்சடித்த வரி சட்டத்தை மாற்றாது. திருப்பிக் கொடுக்கும் கெடு பில்லில் இல்லாவிட்டால் 30 நாள். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனாலும் பொய் சொல்லி விற்றதற்கும், பொருளின் குறைக்கும் வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். மசியவில்லையா, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்தப் பதிவும் சீட்டும் உங்களுக்குச் சாட்சி. கொட்டும் தூளோடு சேர்த்து ஓட்டையைப் போட்டோ எடுக்க மகளிடம் சொல்லுங்கள். புகார் முடியும் வரை எந்த ஆசாரியையும் கட்டிலில் கைவைக்க விடாதீர்கள்.