நிச்சயதார்த்த மோதிரம்: எந்த உலோகத்தில் செய்வது?

கேள்வி: எனக்கு விரைவில் நிச்சயதார்த்தம் நடக்கவிருக்கிறது. ஒற்றை வைரம் பதித்த வெண்ணிற மோதிரம்தான் வேண்டும் என்பது என் வருங்கால மனைவியின் விருப்பம். அவர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறார். வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் ஆகிய இரண்டில் எது நல்ல முதலீடு? 22 காரட் தங்கத்துக்கு ஈடில்லை என்கிறார் என் தந்தை.

பதில்: முதலீடு என்ற எண்ணத்தை முதலிலேயே விலக்கிவிடுங்கள். மோதிரத்தைத் திரும்ப விற்கும்போது செய்கூலி கழிந்துவிடும், கல்லின் எடையும் கழிக்கப்படும். எஞ்சிய உலோகத்துக்கு மட்டுமே விலை கிடைக்கும். எனவே இத்தனை ஆண்டுகள் அணிவதற்கு மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் தந்தை சொல்வதில் பாதி சரி. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம் இருப்பதால் விற்கும்போது மதிப்பு அதிகம். ஆனால் அது மென்மையானது. கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய கொக்கிகள் நாளடைவில் வளைந்து, வைரம் கழன்று விழுந்துவிட்டால், உலோகத்தில் மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு ஒரே நாளில் போய்விடும். வைர மோதிரங்களுக்குப் பெரும்பாலும் 75 சதவீதம் தங்கமுள்ள 18 காரட்டையோ, சுமார் 58.5 சதவீதமுள்ள 14 காரட்டையோ பயன்படுத்துவது இதனால்தான்.

வெள்ளைத் தங்கம் என்பது தங்கத்துடன் நிக்கலோ பல்லேடியமோ சேர்த்து வெளிற வைத்த கலவை. அதன் பளிச்சென்ற வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற வெண்ணிற உலோக முலாமால் வருவது. தினமும் அணிந்தால் ஓரிரு ஆண்டுகளில் அது தேய்ந்துவிடும். என் மோதிரத்தையே பாருங்கள்: மேற்பக்கம் இன்னும் வெள்ளையாக இருக்க, உள்ளங்கையை ஒட்டிய பக்கம் வெளிர்மஞ்சளாகிவிட்டது. மறுபடி முலாம் பூசுவது பெரிய செலவு அல்ல. இருபது ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால் சிறிய தொகையும் அல்ல. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பு வரலாம். குளோரின் கலந்த கரைசல்கள் நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தை அரித்து, கொக்கிகளில் விரிசலை உண்டாக்கக்கூடும் என்பதால், ஆய்வுக்கூடப் பணியில் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

பிளாட்டினம் இயல்பிலேயே வெண்மை, முலாம் தேவையில்லை. அதில் கீறல் விழுவது உண்மைதான், ஆனால் அங்கு உலோகம் ஒதுங்குகிறதே தவிர அவ்வளவாகத் தேய்ந்து போவதில்லை. விலை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2015-இலிருந்து கிராம் கணக்கில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவாகவே இருந்து வந்திருக்கிறது என்பதைக் கேட்டு, மோதிரமும் மலிவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். 18 காரட்டில் 4 கிராம் எடையுள்ள மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள தங்கம் 3 கிராம்தான். அதே அச்சில் 95 சதவீதப் பிளாட்டினத்தில் வார்த்தால், அடர்த்தி அதிகம் என்பதால் எடை 5.2 கிராமை ஒட்டி வரும்; அதில் சுத்தப் பிளாட்டினம் ஏறக்குறைய 4.9 கிராம். போதாததற்கு, தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும்போது பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி தேவை. அதற்கென்றே தனிக் கருவிகளும் கைத்திறனும் வேண்டும் என்பதால் செய்கூலியும் கூடுகிறது. ஆகவே கிராம் விலையை ஒப்பிடாமல், ஒரே வடிவத்துக்கான முழு விலையை இரண்டிலும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

வெள்ளிக்கும் டைட்டானியத்துக்கும் இங்கே இடமில்லை. வெள்ளி கறுத்துவிடும், மென்மையானதும்கூட. டைட்டானிய மோதிரத்தின் அளவை மாற்றுவது கடினம், விரல் பருமனோ மாறிக்கொண்டே இருக்கும்.

உங்கள் நிலையில் நான் பிளாட்டினத்தையே வாங்குவேன். அந்தத் தொகை கையைக் கடித்தால், கடன் வாங்க வேண்டாம். உங்கள் வருங்கால மனைவி சம்மதித்தால், வளையத்தை 18 காரட் மஞ்சள் தங்கத்திலும், கல்லைப் பிடிக்கும் கொக்கிகளை மட்டும் பிளாட்டினத்திலும் செய்யச் சொல்லுங்கள். வெண்மை வேண்டிய இடத்தில் வெண்மை இருக்கும், செலவும் குறையும். எதை வாங்கினாலும், உலோகத்தின் எடை, கல்லின் எடை, செய்கூலி மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். வளையத்தின் உட்பக்கம் 950 (95 சதவீதப் பிளாட்டினம்) அல்லது 750 (18 காரட் தங்கம்) என்ற முத்திரை இருக்கிறதா என்பதை உருப்பெருக்கியில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.