கிணற்றடிக் கேள்விகள்

கேள்வி: மாந்தோப்பு போர்வெல்லில் என் மகன் நீர்மட்டம் காட்டும் சென்சார் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறான். மோட்டார் ஓடாத நாளிலும் காலை பத்து மணிவாக்கில் தண்ணீர் மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறியதாகவும், மாலை நாலு மணிக்கு இறங்கியதாகவும் போனில் காட்டுகிறது. மழை பெய்து ஒரு மாதமாகிறது. கருவி கெட்டுவிட்டதா?
– விவசாயி, பர்கூர்

பதில்: கெடவில்லை ஐயா. அது தண்ணீரோடு சேர்த்துக் காற்றையும் அளக்கிறது.

கிணற்றுக்குள் இறக்கும் இந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் தன் தலைமேல் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதுதான். அதில் தண்ணீரின் எடையும் உண்டு, அதற்கு மேலே உள்ள காற்றின் எடையும் உண்டு. நம் பக்கம் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து வாக்கில் கூடுதல். மாலை நாலு, விடியற்காலை நாலு வாக்கில் குறைவு. ஒரு மில்லிபார் ஏறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கூடியது போலக் காட்டும். உங்கள் நாலு சென்டிமீட்டர் அங்கிருந்து வந்ததாகத்தான் நினைக்கிறேன்.

சந்தேகமாக இருந்தால் கருவியை மேலே தூக்கி, மோட்டார் ஷெட்டில் நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். தண்ணீரே இல்லாத இடத்திலும் அதே பத்து மணிக்கு ஏறி, அதே நாலு மணிக்கு இறங்கினால் காரணம் காற்று. அப்புறம், அதே மாதிரி இன்னொரு சின்னக் கருவியை ஷெட்டிலேயே நிரந்தரமாக வைத்து, அது காட்டுவதைக் கிணற்றுக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். சில வகைகளில் கேபிளுக்குள்ளேயே மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று மேலே வரை வரும். அவை தாமாகவே கழித்துக்கொள்ளும். ஆனால் குழாயின் மேல்முனையில் ஈரம் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்ற இறக்கம் சென்டிமீட்டரில் இல்லாமல் மீட்டர் கணக்கில் இருந்தால் விஷயமே வேறு. பக்கத்துத் தோட்டத்தில் எப்போது மோட்டார் போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். நம் பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரே வெடிப்பில் இரண்டு போர் விழுந்திருந்தால், அவர் இறைக்கும்போது உங்களுக்கு இறங்கும், நிறுத்தியதும் ஏறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை பக்கத்துக் கண்காணிப்புக் கிணறுகளை 26 வருடம் நாடா போட்டு அளந்தவன் நான். இரும்பு நாடாவின் அடிப்பகுதியில் சாக்பீஸ் தேய்த்து இறக்குவோம். நனைந்த கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஒரு கிணற்றில் திடீரென்று தண்ணீர் 45 சென்டிமீட்டர் இறங்கியதாகப் பதிவானது. மழை நல்ல வருடம் அது. ஆறு மாதம் குழம்பினோம். கடைசியில் பார்த்தால், குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று யாரோ கைப்பிடிச் சுவரை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். நாங்கள் அளப்பதோ சுவரின் மேல்விளிம்பிலிருந்து. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது! சுவர் உயர்ந்ததை ஒருவரும் நோட்டில் எழுதவில்லை. அந்த ஆறு மாதக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை.

அதனால் கேசிங் குழாயின் விளிம்பில் ஓர் இடத்தில் பெயின்ட் அடித்துக் குறி வையுங்கள். மாதம் ஒருமுறை அங்கிருந்து கையால் அளந்து, தேதி, நேரத்தோடு எழுதி, சென்சார் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கயிறை ஒரு விரற்கடை இழுத்துக் கட்டினாலும் அதையும் எழுதுங்கள்.

கேள்வி: 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை என்றார்கள். எங்கள் பள்ளி மாடியில் உள்ள தானியங்கி மழைமானி 39தான் காட்டியது. எதை நம்புவது?
– ஆசிரியை, ஊத்தங்கரை

பதில்: ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து நம் பக்கம் வந்த அந்த இரவை யார் மறப்பார்கள் டீச்சர்? 50 சென்டிமீட்டர் என்றால் ஓர் ஏக்கரில் 20 லட்சம் லிட்டர். ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடியும். உங்கள் கருவி நள்ளிரவு 12க்கு நாளை மாற்றுகிறது என்றால் ஒரே மழை இரண்டு தேதிகளில் பிரிந்திருக்கும். அடுத்தது, கருவிக்குள் ஊசலாடும் சின்ன வாளி. அது நிரம்பிக் கவிழும் கணநேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் சேராது. தூறலில் இது தெரியாது, கொட்டும் மழையில் நிறையவே குறையும். மாடியில் காற்று வேறு துளிகளைத் தள்ளிக்கொண்டு போகும். ஊருக்குள்ளேயே தெருவுக்குத் தெரு மழை மாறுவதும் உண்டு.

பிள்ளைகளை வைத்தே சோதியுங்கள். புனலின் வாய் 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் 314 மில்லி தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டு அரை மணி நேரம் சொட்டவிடுங்கள். அரை மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை கவிழும் வாளி என்றால் 20 முறை கவிழ வேண்டும். குறைந்தால் புனலில் இலையோ எறும்புக்கூடோ அடைத்திருக்கும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 400 காட்டுகிறது. 500க்குள் இருப்பதால் குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பென்னாகரம்

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள் அம்மா. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நம் மாவட்டத்துப் பாறையிலிருந்து தண்ணீரில் கரைவது அதுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும். என் அக்காவின் பல்லில் அந்தப் பழுப்புக் கறை இருந்தது. கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர் செய்த வேலை அது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு, அதே தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டிலை மூன்று முறை கழுவிப் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். எந்தப் போர், எத்தனை அடி ஆழம், எந்தத் தேதி என்று பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.